தொடாமலே அளக்கும் கதிர்கள்

கிடுகு வேய்ந்த வீடுகளில் வாழ்ந்து பழகிய எம்மவர்க்குக் கூரையின் தடிப்பை அளப்பதற்கு அளவுகோல் எதுவும் வேண்டியிருந்ததில்லை. மாரி தொடங்குவதற்கு முன் ஒரு நடுப்பகலில் வீட்டினுள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பர். எங்கே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகின்றதோ அங்கே கிடுகு இற்றுவிட்டது என்பது பொருள். அவ்விடத்திற் புதுக் கிடுகைச் செருகுவர். வெளிச்சம் புகாத இடம் தடித்த இடம். வெளிச்சம் புகும் இடம் மெலிந்த இடம். ஏணி வைத்து ஏறவும் இல்லை, கூரையைத் தொடவும் இல்லை. ஆயினும் அளவு கிடைத்துவிட்டது.

இன்று பெருந் தொழிற்சாலைகளிற் காகிதம், பிளாத்திக்குத் தாள், உலோகத் தகடு முதலியவற்றின் தடிப்பை அளப்பதற்குக் கையாளப்படும் முறையும் அடிப்படையில் இதுவேயாகும். அங்கே வெயிலுக்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்வீச்சு. அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்குப் பதிலாகக் கதிரை உணரும் கருவி. வேறுபாடு அவ்வளவுதான்.

இதைப் பற்றி எழுத நேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, உடையார்கட்டிலுள்ள எமது வீட்டுக்கு ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகன் எம்மிடம் முன்னர் படித்தவன். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் யுத்த காலத்தில் ஓய்ந்த பின்னர், தொழிற்சாலை வேலை தேடும் எமது பிள்ளைகள் பலர் தென்னிலங்கைக்கே செல்ல வேண்டியவராயினர். அவனும் அவ்வாறு மேல் மாகாணத்திற் பிளாத்திக்குத் தாள் செய்யும் ஆலையொன்றிற் சேர்ந்திருந்தான். தாயார் கதிரையின் நுனியில் அமர்ந்தவாறே கேட்டார்:

“சேர், இவன் வேலை செய்யிற மெசினிலை அணுப் பெட்டி ஒண்டு இருக்காம். மஞ்சளிலை மூண்டு இலை மாதிரிக் கீறிக் கிடக்காம். குண்டுக்குள்ளாலை கையிலை பிடிச்சுக் கொண்டு வந்த பிள்ளை. நான் இவனைத் திரும்பவும் அங்கை விடலாமோ?”

மகன் நாணத்துடன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி சிரிக்கத்தக்க கேள்வி அன்று. அணு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஹிரோஷிமாவை நினைப்பது இயல்பு. அதனிலும், நிலத்தில் ஓர் அடி எடுத்து வைப்பதற்கே அஞ்சி வாழ்ந்த மண்ணில், பெட்டிக்குள் மறைந்திருக்கும் ஆபத்து என்றாற் தாயுள்ளம் நடுங்காதா? அன்று அவருக்குச் சுருக்கமாகக் கூறியதையே இங்கே சற்று விரித்துக் கூறுகின்றோம். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கக் கூடும்.

பெட்டிக்குள் இருப்பது யாது?

பிளாத்திக்குத் தாள் உருளைகளினூடாக ஆறுபோல ஓடி வருகின்றது. அதன் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். தாளுக்கு மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நின்று, தாளின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓயாது சென்று திரும்புகின்றன. ஒரு பெட்டியினுள்ளே, உருக்கினாற் செய்து அடைத்து மூடிய சிறு குளிகை ஒன்று உண்டு. அதனுள் இருப்பதே கதிரை வீசும் பொருள். மற்றப் பெட்டியில் இருப்பது அக்கதிரை உணரும் கருவி.

சில அணுக்களின் கரு நிலையற்றது. அது தானாகவே மாற்றமடையும்போது கதிரை வெளியே விடுகின்றது. 1896 ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் பெக்கரல் இதனை யுரேனிய உப்பிற் கண்டறிந்தார். எமது இலங்கைத் தீவும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கலைத் திறனாய்வாளராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் முதலில் ஒரு புவியியல் அறிஞர். இலங்கைக் கனியப் பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளர். அவர் 1904 ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கிடைத்த கரிய, கனமான கனியமொன்றை விவரித்தார். அது புதியதோர் இனம் எனப் பின்னர்த் துணியப்பட்டுத் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. தோரியம் நிறைந்த அக்கனியம் இயல்பாகவே கதிர் வீசுவது. முல்லைத்தீவுக்குத் தெற்கே, கொக்கிளாயைக் கடந்தாற் புல்மோட்டை. அங்குள்ள கரு மணலிலும் தோரியம் கொண்ட மொனசைற்று என்னுங் கனியம் சிறிதளவு கலந்திருக்கின்றது. ஆகவே கதிர்வீச்சு என்பது மனிதன் புதிதாகப் படைத்த பூதம் அன்று. மண்ணிலும் கல்லிலும் வானிலும் அது என்றும் உள்ளது. உலகத்து மனிதர் ஒவ்வொருவரும் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேட்டு அளவு கதிரேற்றம் பெறுகின்றனர். சீவேட்டு என்பது உடல் பெறும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகு.

கதிர்கள் மூவகைப்படும். அல்பாக் கதிரை ஒரு காகிதத் தாளே தடுத்துவிடும். பீற்றாக் கதிர் காகிதத்தையும் மெல்லிய பிளாத்திக்கையும் ஊடுருவும். ஆனாற் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் நின்றுவிடும். காமாக் கதிரோ உருக்கையும் ஊடுருவிச் செல்லவல்லது; அதனைத் தடுப்பதற்கு ஈயம் போன்ற பாரமான பொருள் வேண்டும்.

தடிப்பளக்கும் கலையின் இரகசியம் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது. கதிர் முழுவதும் தடைப்பட்டாலும் அளவு கிடையாது. முழுவதும் ஊடுருவினாலும் கிடையாது. ஒரு பகுதி தடைப்பட்டு மறு பகுதி ஊடுருவ வேண்டும். ஆகையால் மிக மெல்லிய தாளுக்குப் புரோமெத்தியம் 147, காகிதத்துக்கும் பிளாத்திக்குக்கும் கிரிப்தன் 85, தடித்த இறப்பர், பிளாத்திக்கு முதலியவற்றுக்கு ஸ்ரோன்சியம் 90 என்று பீற்றாக் கதிர் வீசும் சமதானிகளைத் தேர்ந்தெடுப்பர். உருக்குத் தகட்டுக்கு அமெரிசியம் 241 வெளிவிடும் மென்மையான காமாக் கதிர் பொருத்தமானது. தடித்த உருக்கு, கலங்களில் உள்ள பொருளின் மட்டம், குழாயில் ஓடும் குழம்பின் செறிவு ஆகியவற்றுக்குச் சீசியம் 137 பயன்படுகின்றது.

கூரைத் தகரத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மீள்குடியேறிய நாள் தொட்டு எமது ஊரில் தகரத்தை அறியாதார் இல்லை. கடையிலே தகரம் வாங்கும்போது 0.47 மில்லிமீற்றர் என்பார்கள். மலிவானது வேண்டுமாயின் 0.35 என்பார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்குக்கும் குறைவு. விரலாற் தடவி அதனை அறிதல் எளிதன்று. ஆனாற் பல்லாண்டு மழையைத் தாங்க வேண்டிய கூரைக்கு அவ்வேறுபாடு பெரிது.

அமெரிசியத்தின் காமாக் கதிர் ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் உருக்கினூடாகச் செல்லும்போது பாதியாகக் குறைகின்றது. இன்னொரு முக்கால் மில்லிமீற்றரைக் கடந்தால் அப்பாதியிற் பாதி, அதாவது காற் பங்கு, எஞ்சும். இந்தக் கணக்கின்படி நூறு கதிர்த் துணுக்குகள் புறப்பட்டால் 0.35 மில்லிமீற்றர்த் தகட்டை ஏறக்குறைய 72 கடக்கும்; 0.47 மில்லிமீற்றர்த் தகட்டை 64 மட்டுமே கடக்கும். விரலுக்குப் புலப்படாத வேறுபாடு எண்ணிக்கையில் எட்டாக விரிந்து நிற்கின்றதைக் காண்க.

உண்மையில் இக்கருவி அளப்பது நீளத்தை அன்று. கதிரின் வழியில் நிற்கும் பொருளின் நிறையையே. ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் எத்தனை கிராம் பொருள் உள்ளது என்பதே அதன் விடை. காகிதம் செய்வோர்க்கு வேண்டியதும் அதுவேயாகும். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிக் காகிதம் சதுர மீற்றருக்கு 60 கிராம் என்றால், முழுச் சுருளிலும் அவ்வளவே இருத்தல் வேண்டும். குறைந்தால் மை மறுபுறம் ஊறும். கூடினால் ஆலைக்கு நட்டம். வைக்கோலிலிருந்து காகிதம் செய்த வாழைச்சேனை ஆலையை மூத்தோர் அறிவர். காகிதச் சுருளின் ஒரு துண்டை வெட்டித் தராசில் நிறுத்துப் பார்த்தலே உலகெங்கும் காகிதத் தொழிலில் நெடுங்காலம் வழங்கிய முறை. பிழை தெரிவதற்குள் நெடுந்தூரம் காகிதம் ஓடி முடிந்திருக்கும். 1950 ஆம் ஆண்டளவிற் கதிர் அளவி தொழிற்சாலைகளுக்கு வந்த பின்னர், காகிதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை தெரியலாயிற்று. இன்றைய ஆலையிற் கருவி சொல்வதைக் கணினி கேட்டு உருளைகளை உடனுக்குடன் திருத்திக்கொள்கின்றது.

இதனால் வரும் இலாபம் சிறிதன்று. 50 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள தாள் செய்ய வேண்டிய ஆலையொன்று, எங்கேனும் மெலிந்துவிடுமோ என்றஞ்சி 53 மைக்கிரோமீற்றருக்குச் செய்கின்றது எனக் கொள்வோம். மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூன்று மைக்கிரோமீற்றர் என்பது ஒரு தலைமயிரின் பருமனில் இருபதிலொரு பங்களவே. ஆயினும், நூறு தொன் பொருள் போதுமான இடத்தில் நூற்றாறு தொன் செலவாகின்றது. அந்த ஆறு தொன்னும் அச்சத்துக்குக் கொடுத்த விலை. சரியாக அளக்கத் தெரிந்தவனுக்கு அந்த அச்சம் இல்லை.

மழைத்துளிகளை எண்ணுதல்

கதிரை உணரும் கருவிகளிற் பல வகை உண்டு. ஜேர்மனிய அறிஞர் கைகர், றதபோட் அவர்களுடன் சேர்ந்து 1908 ஆம் ஆண்டில் ஓர் எண்ணியை அமைத்தார். 1928 ஆம் ஆண்டில் மில்லர் என்பாருடன் அதனைச் செம்மைப்படுத்தினார். ‘டிக் டிக்’ என ஒலிக்கும் கைகர்-மில்லர் எண்ணி அதுவேயாகும். தடிப்பளக்கும் இயந்திரங்களிற் பெரும்பாலும் வாயு நிரப்பிய கூடொன்று இருக்கும். கதிர் புகுந்ததும் அவ்வாயு மின்னேற்றம் பெற்றுச் சிறிதளவு மின்னோட்டத்தைத் தரும். வேறு சிலவற்றிற் கதிர் பட்டதும் மினுங்கும் பளிங்கு உண்டு. அந்த மினுக்கத்தை மின்னாக மாற்றி எண்ணுவர்.

எந்தக் கருவியாயினும் ஓர் உண்மைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அணுக்கள் ஒழுங்கான தாளத்திற் கதிரை விடுவதில்லை. தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல முன்பின்னாக விடுகின்றன. ஒரு கணம் மட்டும் காதுகொடுத்துவிட்டு மழை பெரிதா சிறிதா எனத் துணிதல் பிழையாக முடியலாம். சற்று நேரம் கேட்டவனே சரியாகச் சொல்வான். இதற்குக் கணிதம் ஒரு விதி வகுத்திருக்கின்றது. 100 துளிகளை எண்ணினால் 10 அளவுக்கு, அதாவது நூற்றுக்குப் பத்து வீதம், ஏறியிறங்கலாம். 10,000 எண்ணினால் 100 அளவுக்கு. அது நூற்றுக்கு ஒன்று. பத்து இலட்சம் எண்ணினால் 1,000 அளவுக்கு; அது ஆயிரத்துக்கு ஒன்று. எண்ணிக்கையின் வர்க்கமூலமே தளம்பலின் அளவாகும். வர்க்கமூலத்தினால் என்ன பயன் என்று வகுப்பிற் கேட்கும் மாணவர்க்கு இது ஒரு விடை. ஓடும் தாளை விரைவாக அளக்க வேண்டுமாயின், குறுகிய நேரத்திற் பெருந்தொகையை எண்ணியாக வேண்டும். அதற்கேற்ற வலிமை வாய்ந்த மூலத்தை இடுவதற்குக் காரணம் இதுவே.

மூலமோ நாளடைவில் வலிமை குன்றுவது. பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்போம். புரோமெத்தியத்துக்கு அது ஏறக்குறைய 2.6 ஆண்டு, கிரிப்தனுக்கு ஏறக்குறைய 11, ஸ்ரோன்சியத்துக்கு 29, சீசியத்துக்கு 30, அமெரிசியத்துக்கு 432 ஆண்டு. கதிர் குறைந்ததைத் தாள் தடித்ததாகக் கருவி எண்ணிவிடலாகாது. ஆகையால் அது இடையிடையே தாளை விட்டு விலகி, வெறும் வெளியையும் அளவு தெரிந்த மாதிரித் துண்டையும் அளந்து, தன்னைத்தானே திருத்திக்கொள்கின்றது.

தாயாரின் கேள்விக்கு விடை

இனித் தாயாரின் கேள்விக்கு வருவோம். முதலில், அக்கதிர் பட்ட தாள் நஞ்சாகுமா? ஆகாது. விளக்கின் வெளிச்சம் சேலையை ஊடுருவியதனாற் சேலை இருளில் ஒளிர்வதில்லை. அதுபோன்றே இக்கருவிகளின் பீற்றாக் கதிரும் காமாக் கதிரும் ஊடுருவிச் சென்ற பொருளிற் கதிர்வீச்சு எதனையும் விட்டுச் செல்வதில்லை. அத்தாளில் உணவைப் பொதி செய்வதற்கு அதனால் தடை ஏதுமில்லை.

அடுத்தது, அருகில் நிற்கும் மகனின் நலம். பெட்டியின் சுவர்கள் கதிரைத் தடுக்கின்றன. தாளை நோக்கிய சிறு வாயிலின் வழியே மாத்திரம் அது வெளிவருகின்றது. இயந்திரம் ஓயும்போது அவ்வாயிலை ஒரு மூடி அடைத்துவிடும். மூடி திறந்திருப்பதை விளக்கு காட்டும். இவற்றுக்கு மேலாக மூன்று காவல்கள் உண்டு. அவை நேரம், தூரம், தடுப்பு என்பன. அருகில் நிற்கும் நேரத்தைப் பாதியாக்கினாற் கதிரேற்றமும் பாதியாகும். தூரத்தை இரு மடங்காக்கினால் அது நாலிலொன்றாகும். இடையில் ஏற்ற தடுப்பை வைத்தால் மேலும் குறையும். தொழிலாளர் ஒருவர் தொழிலின் வழியாகப் பெறக்கூடிய கதிரேற்றம் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட்டுக்கு மேற்படலாகாது என்பது சருவதேச விதி. பொதுமக்களுக்கு அது ஆண்டுக்கு 1 மில்லிசீவேட்டு. ஒழுங்காகப் பேணப்படும் அளவியைச் சுற்றி வேலை செய்வோர் தொழிலாளர்க்குரிய எல்லைக்கு மிகக் கீழேயே நிற்பர்.

இலங்கையில் இத்தகைய மூலத்தை எவரும் நினைத்தபடி வைத்திருத்தல் இயலாது. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்படி அமைந்த ஒழுங்குபடுத்தற் பேரவையின் உரிமப் பத்திரம் வேண்டும். இந்தியாவில் இக்கடமையை 1983 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் செய்கின்றது.

ஆகவே அத்தாயாரிடம் கூறினோம்: “அக்கா, தம்பியை அனுப்பலாம். ஆனாற் போனவுடன் நான்கு விடயங்களை விசாரிக்கச் சொல்லுங்கள். உரிமப் பத்திரம் உண்டா? பொறுப்பான அலுவலர் யார்? மூடியின் விளக்கு எரிகின்றதா? அருகில் வேலை செய்வோரின் கதிரேற்றத்தை யார் அளந்து பார்க்கிறார்கள்? இவற்றுக்கு விடை கிடைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. விடை கிடையாவிட்டால், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.”

மறக்கப்பட்ட பெட்டி

அங்ஙனமாயின் இதில் ஆபத்தே இல்லையா? உண்டு. ஆனால் அது இருக்கும் இடம் வேறு. இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டியை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கின்றார். ஆலை மூடப்படும், அலுவலர் ஓய்வு பெறுவார், கணக்குப் புத்தகம் தொலையும், இயந்திரம் பழைய இரும்பாகும். அப்போதும் குளிகை தன் தொழிலை நிறுத்துவதில்லை. பறங்கியர் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய 1619 ஆம் ஆண்டில் ஓர் அமெரிசியக் குளிகை ஓரிடத்தில் வைக்கப்பட்டிருந்ததாகக் கற்பனை செய்வோம். இன்றும் அதன் வலிமையிற் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும். மனிதரின் ஞாபகம் அவ்வளவு காலம் எஞ்சுமா?

2010 ஆம் ஆண்டில் தில்லியின் மாயாபுரிப் பகுதியில் நிகழ்ந்ததை இந்தியா மறக்காது. பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பயன்படாது கிடந்த கதிரேற்றக் கருவியொன்று ஏலத்திற் பழைய இரும்பு வியாபாரிகளிடம் சென்றது. அதனை உடைத்தபோது உள்ளிருந்த கோபால்ற்று 60 வெளிப்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மேலும் சிலர் கடும் நோயுற்றனர். அது தடிப்பளக்கும் கருவி அன்று. ஆனாற் பாடம் ஒன்றே.

2023 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தாய்லாந்தின் பிராச்சின்புரி மாகாணத்து அனல் மின் நிலையமொன்றிற் சாம்பற் கலத்தின் மட்டத்தை அளப்பதற்கு வைத்திருந்த சீசியம் 137 உருளையைக் காணவில்லை. சில நாட்களின் பின், அதே மாகாணத்து உருக்காலையொன்றின் உலைத் தூசியிற் சீசியம் கண்டுபிடிக்கப்பட்டது.

அதே ஆண்டு சனவரியில் மேற்கு அவுஸ்திரேலியாவில், இரும்புத் தாதுச் சுரங்கமொன்றின் அளவியிலிருந்த சீசியக் குளிகை, பேர்த் நகருக்கு லொறியிற் கொண்டு செல்லப்படும்போது வழியில் விழுந்துவிட்டது. அதன் உயரம் 8 மில்லிமீற்றர்; விட்டம் 6 மில்லிமீற்றர்; ஒரு புளியங்கொட்டையிலும் சிறியது. தேட வேண்டிய தெருவின் நீளமோ 1,400 கிலோமீற்றர். கண்டால் ஐந்து மீற்றருக்குள் நெருங்க வேண்டாம் என மக்கள் எச்சரிக்கப்பட்டனர். உணர்கருவி பூட்டிய வாகனமொன்று மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் சென்றபோது கதிரை உணர்ந்தது. பெப்ரவரி 1 ஆம் திகதி, தெருவோரத்திலிருந்து இரண்டு மீற்றர் தூரத்திற் குளிகை அகப்பட்டது. ஆங்கே அது தொலைந்ததை அறிந்து தேடினர். தொலைந்ததையே அறியாத நாட்டில் அது என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் வன்னி மண்ணுக்கு இச்செய்தி மிக நெருக்கமாகின்றது. யுத்தத்தின் பின்னர்ப் பழைய இரும்பு பொறுக்கி விற்றல் எம்மவர் பலருக்கு வயிற்றுப் பிழைப்பாயிற்று. அவ்விரும்புக்குள் வெடிக்காது கிடந்த பொருள் கையையும் கண்ணையும் பறித்ததுண்டு. இங்கே கதிர் மூலங்கள் சிதறிக் கிடக்கின்றன என்று நாம் கூற வரவில்லை. பழைய இரும்பு ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு பயணம் செய்வது. எமது இளைஞர்கள் கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் அதனைக் கையாள்கின்றனர் என்பதையே நினைவூட்டுகின்றோம். மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் விலகி நடக்க எமது பிள்ளைகளுக்கு நாம் கற்பித்திருக்கின்றோம். மூவிதழ்க் குறியை அவர்களுக்குக் காட்டியிருக்கின்றோமா?

அந்த மூவிதழ்க் குறி 1946 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி ஆய்வுகூடத்திற் பிறந்தது. மஞ்சள் நிலத்திற் கரிய நிறத்தில் இன்று வழங்குகின்றது. கல்லாதார் அதனை விசிறி என்றோ பூ என்றோ எண்ணிவிடலாம். ஆகையால் 2007 ஆம் ஆண்டில் மற்றுமொரு குறி அதற்குத் துணையாக வந்தது. சிவப்பு முக்கோணத்தினுள் மேலே மூவிதழும் அதிலிருந்து பாயும் கதிரும், கீழே மண்டையோடும் விலகி ஓடும் மனிதனும் வரையப்பட்டிருக்கும். ‘இதற்குள் சாவு உண்டு, விலகி ஓடு’ என்பதை எழுத்தறியாதவரும் வாசிக்கலாம். வலிமை மிக்க மூலங்களின் மேலே, பிரித்தெடுக்க முயல்வோன் காணும் இடத்தில் அதனைப் பொறிப்பர்.

இக்குறிகளுள் எதனையேனும் பழைய இரும்புக் குவியலிற் கண்டாற் செய்ய வேண்டியவை சிலவே. தொடாதீர். உடைக்காதீர். அதன் பாரத்தைக் கண்டு ஈயம் என ஆசைப்படாதீர். அவ்வீயமே அதன் காவல். சிறுவரை அப்புறப்படுத்தித் தூர விலகி நின்று, 119 என்னும் இலக்கத்திற் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். தூரமே பணச்செலவற்ற காவல் என்பதை மறவாதீர்கள்.

விடுமுறை முடிந்ததும் அம்மாணவன் வேலைக்குத் திரும்பினான். சில வாரங்களின் பின் தாயார் எம்மைக் குளத்துக் கட்டில் வழிமறித்தார். மகன் நான்கு கேள்விகளையும் கேட்டானாம். மூன்றுக்கு உடனே விடை கிடைத்ததாம். மூடியின் விளக்கு மாத்திரம் எரியாது கிடந்ததாம். அவன் சொன்ன பின்னரே அதனைத் திருத்தினார்களாம். “கேட்டபடியாற்தானே, சேர், தெரிஞ்சது” என்றார் தாயார்.

அவருடைய வீட்டின் குசினிக்கு இன்றும் கிடுகுக் கூரைதான். மாரிக்கு முன் அண்ணாந்து பார்த்து வெளிச்சப் பொட்டைத் தேடுவதற்கு அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர் கூரையைப் பார்ப்பதுபோல அவருடைய மகனும் தன் இயந்திரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.